அரைப் பிளேட் கேமராவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு படம் எடுத்தேன். லென்ஸின் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் திரும்ப மூடினேன். அந்த இரண்டு விநாடிக்காக ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் என் உழைப்பு எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதில் வெட்கம்தான் மிச்சம். அதனால்தான் இந்த மடல்.

முதலில் மயிலாடுதுறை அம்மாவுக்கு. உங்கள் கணவர் நடத்திய ஸ்டுடியோவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்களில் நான் நான்காவது ஆள் என்று பிறகு சொன்னீர்கள். முன்னால் வந்த மூவரும் அங்கிருந்த பழைய கேமராவுக்கு விலை கேட்டார்கள். நானும் விலைதான் கேட்டேன். “எங்கே வைக்கப்போகிறாய்?” என்று கேட்டீர்கள். ஓட்டல் வரவேற்பறையில் முக்காலி போட்டு நிறுத்துவதற்கென்றால் எவ்வளவு கொடுத்தாலும் தர மாட்டேன் என்றீர்கள். படம் எடுக்க என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பிளேட்டுக்கு எங்கே போவாய்?” என்ற அடுத்த கேள்வியைப் போட்டீர்கள். பிளேட் என்றால் ஃபிலிமுக்கு முந்தைய காலத்தில் படம் பதிய கேமராவில் போட்ட, ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு. அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இருந்தும் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தீர்கள். மேசை இழுப்பறையைத் துழாவி, பிளேட் மாட்டும் மர ஸ்லைடுகள் மூன்றையும், ஃபிலிம் செருகும் தகட்டு உறைகள் ஆறையும் எடுத்து வைத்தீர்கள். அந்த உறைகள் இல்லையென்றால் ஃபிலிம் ஸ்லைடுக்குள் நிற்கவே நிற்காது என்பது கூட எனக்கு அன்று தெரியாது. அதே இழுப்பறையில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ அட்டைப்பெட்டி ஒன்றும் காலியாகக் கிடந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெறும் ஆசைதான்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மேலே சாமான் தட்டில் வைக்கப்போன பெட்டியை வாங்கி, ஆடுதுறையில் இறங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தார். உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹார்மோனியம் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தபோதுதான் ‘வாகீஸ்வரி’ என்ற பித்தளைத் தகடு தெரிந்தது. லண்டனிலோ மான்செஸ்டர் பக்கத்திலோ செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஆலப்புழையில் செய்த தேக்குமரக் கேமரா என்று தெரிந்ததும் மகிழ்ச்சி இரட்டித்தது. 1940களில் கே. கருணாகரன் என்பவர் தொடங்கிய பட்டறை அது. இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பம் அவருடையது. ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேமராவின் துருத்தியை, அதாவது லென்ஸுக்கும் பின்பலகைக்கும் நடுவே விரிந்து சுருங்கும் மடிப்புக் கூட்டை, சரிசெய்யக் கொண்டுவந்து கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்பார்கள். இந்தக் கதை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு மாதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். ஏனென்றால் என் கேமராவிலும் துருத்திதான் கந்தல். பழைய தோல், தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு புத்தகம் பைண்டிங் செய்பவரிடம் போனேன், செருப்புத் தைப்பவரிடம் போனேன், கார் இருக்கைக்கு உறை தைப்பவரிடம் போனேன். ஒருவரும் குறை சொல்லும்படி நடந்துகொள்ளவில்லை. ஆனால் முன்பக்கம் சிறுத்துப் பின்பக்கம் அகன்று, மடிப்பு மடிப்பாக மடங்க வேண்டிய அந்தச் சாமானைக் கையில் வாங்கியதும் மூவருமே சிரித்தார்கள்.

கடைசியில் பஜனை மடத்து ஹார்மோனியத்தைப் பழுதுபார்க்க வந்த அண்ணன் எங்கள் திண்ணையில் மோர் குடிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் துருத்தியை எடுத்து இரண்டு முறை விரித்துச் சுருக்கிப் பார்த்து, “மூலையில்தான் சாகும், எந்தத் துருத்தியும்” என்றார். அண்ணா, அந்த ஒரு வாக்கியத்துக்கே தனியாக நன்றி. உள்ளே கறுப்புக் காடாத் துணி, நடுவில் அட்டைக் கீற்றுகள், மேலே மெல்லிய ஆட்டுத்தோல் என்று பதினோரு நாள் உழைத்தீர்கள். முதல் துருத்தி கோணிக்கொண்டது. நீங்களே அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டு இரண்டாவது செய்தீர்கள். முடித்ததும் கன்னத்தை வைத்துக் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தீர்கள். நான் இருட்டறையில் உள்ளே டார்ச் விளக்கைவிட்டு, இரண்டு இடத்தில் ஊசிமுனை வெளிச்சம் வருகிறது என்றேன். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. காற்றுக்குப் பழகிய கைக்கு வெளிச்சம் புது எதிரி. மறுநாள் நீங்களே டார்ச் வாங்கிக்கொண்டு வந்து அந்த இரண்டு ஓட்டையையும் அடைத்தபோது அதைப் பற்றி நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஆசாரி ஐயாவுக்கு என்ன சொல்வது? பின்பலகை பிளந்திருந்தது. யாரோ இரும்பு ஆணி அடித்து வைத்த இடத்தில் துரு ஏறி மரம் கறுத்திருந்தது. ஃபெவிகால் போதும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல் வஜ்ஜிரப் பசை காய்ச்சினீர்கள். வாசல்வரை நாறியது. “நாளைக்கு ஒருவன் கழற்ற வேண்டுமானால் வெந்நீர் விட்டால் விட்டுக்கொடுக்க வேண்டும்” என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு அதன் அர்த்தம் விளங்கியது. இடித்த வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த பழந்தேக்கில் ஒட்டுப் போட்டு, அரக்கும் ஸ்பிரிட்டும் சேர்த்துத் துணியால் மெருகு ஏற்றினீர்கள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே இப்போது தேட வேண்டியிருக்கிறது.

நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைத் தம்பிக்கு. ஃபோகஸ் திருகின் பல்சக்கரம் தேய்ந்து வழுக்கியது. ஒரு பித்தளைக் கம்பியிலிருந்து அரத்தாலேயே பல் பல்லாக ராவி எடுத்தாய். கூலி வாங்கவில்லை. பதிலுக்கு, பித்தளை முழுவதையும் குத்துவிளக்கு மாதிரி மினுக்கித் தருகிறேன் என்றாய். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். அந்த வருத்தம் உனக்கு இன்னும் தீரவில்லை என்று தெரியும்.

“பிளேட்டுக்கு எங்கே போவாய்?” என்ற கேள்விக்கு விடை கொடுத்தவர் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர். எல்லாம் டிஜிட்டலாகிவிட்ட பிறகு மிஞ்சிய பெட்டியைக் கொடுத்தார். 8×10 அங்குல எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை வெட்டினால் 4¾×6½ அங்குல அரைப் பிளேட் அளவில் இரண்டு கிடைக்கும். பச்சை ஒளிக்கும் நீல ஒளிக்கும் உணர்வுள்ளது, சிவப்புக்கு இல்லை. ஆகவே சாமி படத்துக்குப் போடும் சிவப்பு பல்பு வெளிச்சத்திலேயே கழுவலாம். இரண்டு பக்கமும் ரசாயனப் பூச்சு இருப்பதால் நகம் பட்டாலே கீறல் விழும். தட்டின் அடியில் கண்ணாடி போட்டுக் கழுவச் சொன்னவரும் அவர்தான். இதில் எனக்கு ஒரு பழைய சந்தேகமும் தீர்ந்தது. எங்கள் பாட்டி கல்யாணப் படத்தில் குங்குமப் பொட்டு கரிப்பொட்டாக ஏன் தெரிகிறது என்று சிறுவயதிலிருந்து யோசித்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பிளேட்டுக்கும் சிவப்பு தெரியாது.

இரவு ஒன்பது மணிக்குமேல் குளியலறையை விட்டுக்கொடுத்த என் மனைவிக்கு நன்றி. இதற்குமேல் எழுதினால் வேறு கணக்கெல்லாம் கிளம்பும்.

கேமராவின் பின்னால் பிம்பம் விழுந்து ஃபோகஸ் பார்க்க உதவுவது தேய்ப்புக் கண்ணாடி. விரிசல் விட்டிருந்த அதற்குப் பதிலாக, படத்துக்குச் சட்டம் போடும் கடையில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டி வாங்கினேன். மெக்கானிக் கடையில் கொடுத்த வால்வு தேய்க்கும் பசையை வைத்து அதை என் மகள் மூன்று மாலை தேய்த்தாள். நான் சட்டத்தில் பொருத்தினேன். நான் தனியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். கூடத்தில் அவளை உட்காரவைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து நான்கு படம் எடுத்தேன். நான்கிலும் கண் மங்கல். காதில் தொங்கிய ஜிமிக்கி மட்டும் கூர்மை. லென்ஸில் கோளாறு, துருத்தியில் கோளாறு, ஸ்லைடில் கோளாறு என்று ஒரு வாரம் எல்லாரையும் மனத்துக்குள் திட்டினேன். ஹார்மோனிய அண்ணனைக் கூட. மன்னிக்க வேண்டும்.

நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போனேன். அம்மா அவற்றை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, கண்ணாடியைத் திருப்பிப் போட்டிருக்கிறாய். தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும்” என்றார். அவ்வளவுதான். முப்பது ஆண்டு அந்த ஸ்டுடியோவில் பென்சிலைக் கூராக்கி நெகட்டிவ்களுக்கு டச்சிங் செய்தவர் அவர் என்பதை அன்றுதான் சொன்னார். ஊரில் பாதிப் பேருடைய முகப்பருவை அழித்த கை என்று சொல்லிச் சிரித்தார்.

திண்ணையில் எடுத்த படம் அவருடையதுதான். காரில் அழைத்துவந்தோம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரிந்த அவர் முகத்தில் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது, “முகத்தைப் பார்க்காதே, கண்ணைப் பார்” என்று அதட்டினார். நெகட்டிவ் நன்றாக வந்திருக்கிறது. டச்சிங் செய்யவா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்று ஸ்லைடில் ஒன்று இன்னும் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது. ஆசாரி ஐயா வசதிப்படும்போது வந்து பார்க்க வேண்டும். மாசி முதல் ஞாயிறு நீங்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்து, அதே திண்ணையில், அதே நாற்காலியில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு படம். பெட்டியில் ஃபிலிம் அளவாகத்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு விநாடி ஆடாமல் இருப்பதற்கு ஹார்மோனிய அண்ணன் இப்போதிருந்தே பழகத் தொடங்கினால் நல்லது.

நன்றியுடன்,
பெட்டியைச் சுமந்துவந்தவன்