ஆக்டிவேஷன் சர்வரை மூடிவிட்ட நிறுவனத்தாருக்கு, செங்கோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய நான்காவது பதிலும் வந்து சேர்ந்தது. முதல் மூன்றும் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கிறது, தேதி மட்டும் வேறு. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கச் சொல்கிறீர்கள். ஐயா, மறுபடி நிறுவப் போய்த்தானே இந்த வினையே வந்தது! உங்களுக்கு மட்டும் எழுதிப் பயனில்லை, நாலு பேர் பார்க்க எழுதுவோம் என்று இதை எழுதுகிறேன்.

விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் செங்கோட்டையில் கல்யாண வீடியோக் கடை வைத்திருப்பவன். 2011-ல் உங்கள் டிஸ்க் பர்னிங், வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திருநெல்வேலியில் ஒரு கடையில் பெட்டியோடு வாங்கினேன். 4,600 ரூபாய். அன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் வீடியோ மிக்ஸிங் செய்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் ஐம்பது ரூபாய் திருட்டு சிடியில்தான் காலத்தை ஓட்டினார்கள். 'இதுக்குப் போயா இம்புட்டுக் காசு குடுத்தீய?' என்று என்னைக் கேட்டுச் சிரித்தார்கள். போன மாதம் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போனது. புது டிஸ்க் போட்டு, உங்கள் பெட்டியைத் தேடி எடுத்து, சீரியல் நம்பரை அடித்தேன். அந்த நம்பரைச் சரிபார்த்து மென்பொருளைத் திறந்துவிடும் உங்கள் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தது. பிறகுதான் நீங்கள் சொன்னீர்கள், பழைய வெர்ஷனுக்கான ஆக்டிவேஷன் சர்வரையே நிறுத்திவிட்டோம், வருடச் சந்தாவில் தள்ளுபடி தருகிறோம் என்று.

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுடைய திருட்டு வெர்ஷன் இன்றைக்கும் திறக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, இந்தக் காலத்தில் டிவிடி யாருக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். டவுனுக்குள் எல்லோரும் பென்டிரைவ் கேட்கிறார்கள், அதுவும் வேண்டாம், வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்கிறார்கள். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் புளியரை தாண்டி, கேரளத்துக்குள், மலைக்கு மேலிருந்து வருகிறவர்கள். ஆரியங்காவு, கழுதுருட்டி, அதற்கும் உள்ளே எஸ்டேட் லயன்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். சிக்னல் கிடைக்காத வீடுகளில் டிவிடி பிளேயர் இன்னும் துணி மூடி டிவிக்குக் கீழே இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாக்களும் அவ்வப்போது வருவார்கள். சிசிடிவி பதிவைக் கோர்ட்டில் கொடுக்க, ஒருமுறை எழுதினால் திருத்த முடியாத டிஸ்க்தான் வேண்டும் என்பார்கள்.

போன மாதம் ஆரியங்காவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் பாதையில் மழையிலும் வெயிலிலும் நடந்தே காலத்தைக் கழித்தவர். 2010-ல் அந்தப் பாதையை மூடினார்கள்; 2012-ல் மகள் கல்யாணம். வீடியோ நான்தான். மனிதர் போன வருடம் காலமாகிவிட்டார். பந்தி முடிந்த நேரத்தில் என் உதவியாள் அவர் முன்னால் மைக்கை நீட்டி, 'ஏதாவது சொல்லுங்க ஐயா' என்றான். அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. மைக்கைப் பிடித்து ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, 'என்னத்தச் சொல்ல? எல்லாரும் சாப்ட்டாச்சா?' என்றார். அவ்வளவுதான். வீட்டில் அவர் குரல் இருப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும்தானாம்.

அம்மா கொண்டுவந்த டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் சாயம் மங்கி, எண்ணெய்க் கறை போல ஒரு பிறை. அந்த மலையின் ஈரத்துக்கு அது இத்தனை வருடம் தாங்கியதே பெரிது. பிளேயரில் போட்டால் பந்தி வரைக்கும் ஓடுகிறது. அவர் மைக்கை வாங்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்றுவிடுகிறது.

என்னிடம் எல்லாமே இருந்தது. கேமராவின் ஐந்து மினிடிவி (MiniDV) டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிய படம், டேப்புக்குப் பதின்மூன்று ஜிபி வீதம், வெளி ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. மிக்ஸிங் செய்த புராஜெக்ட் ஃபைலும் இருக்கிறது. எங்கே வெட்டினேன், எந்த இடத்தில் நாதஸ்வரம், எந்த இடத்தில் பெயர் என்று பதினோரு ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை முழுவதும் அந்தச் சின்ன ஃபைலுக்குள். அதைத் திறக்க உங்கள் பழைய வெர்ஷன் வேண்டும். அதுதான் இப்போது திறக்க மாட்டேன் என்கிறது.

உங்கள் பேச்சை மதித்துப் புதிய வெர்ஷனையும் சோதனைக்கு இறக்கிப் பார்த்தேன். பழைய புராஜெக்டைக் கொடுத்தால், இது என்ன ஃபைல் என்று என்னையே கேட்கிறது. டிவிடி மெனு செய்கிற பகுதியையே எடுத்துவிட்டீர்கள். போகட்டும், டைட்டிலாவது போட்டுப் பார்ப்போம் என்று 'திருநிறைச்செல்வி' என்று அடித்தேன். 'செ'யின் ஒற்றைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. புனலூர்ப் பக்கத்துக் கல்யாணம் என்றால் மலையாளத்திலும் பெயர் போட வேண்டும்; அங்கே கூட்டெழுத்து எல்லாம் கைகால் பிரிந்து கிடக்கிறது. பழைய வெர்ஷனில் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்து எப்படியோ சமாளித்துவந்தேன். இத்தனை வருட முன்னேற்றத்தில் அந்தச் சமாளிப்பும் போயிற்று. ஆனால் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் சந்தா விளம்பரம் மட்டும் எழுத்துப் பிசகாமல் வந்து நிற்கிறது. அது வந்த நேரத்தில் ஒரு டிஸ்க் 98 சதவீதத்தில் பாழானது. விளம்பரத்தால்தான் பாழானது என்று நான் சொல்லவில்லை. அதே நேரத்தில் பாழானது என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியில் ஐந்து மணி நேரப் படத்தையும் ஓட்டி, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, வேறு ஓர் இலவச மென்பொருளில் டிவிடிக்கான எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றி, இம்க்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். இம்க்பர்ன் இலவசம், 2013-க்குப் பிறகு அதற்குப் புது வெர்ஷனே வரவில்லை. என்னிடம் எந்தச் சர்வரையும் கேட்காமல் எட்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது. அம்மா கடையிலேயே போட்டுப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் பேசினார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், 'இதுல பேரு வரலியே தம்பி? அவுக பேரு கீழ வருமே' என்றார். வரும். புராஜெக்டில் இருக்கிறது. திறக்கத்தான் வழியில்லை.

அதனால் கேட்கிறேன். ஆக்டிவேஷன் கேட்காத ஒரு கடைசி அப்டேட்டைப் பழைய வெர்ஷனுக்கு வெளியிடுங்கள். புதிதாக எந்த வசதியும் வேண்டாம். பூட்டை மட்டும் எடுங்கள்.

படத்துக்கான எம்பெக்-2, ஒலிக்கான டால்பி டிஜிட்டல் ஆகியவற்றுக்கு லைசன்ஸ் கட்டணம் கட்டுவதால்தான் சர்வரில் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று உங்கள் ஊழியர் ஒருவர் விளக்கினார். எம்பெக்-2-வின் அமெரிக்கக் காப்புரிமைகள் 2018-லேயே முடிந்துவிட்டன. டால்பி டிஜிட்டலுடையவை அதற்கும் முந்தைய வருடமே முடிந்தன. காலாவதியான காப்புரிமைக்கு இன்னும் யார் வாசலில் காவல் நிற்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் நிறுவனம் கைமாறிவிட்டது, பழைய உரிமைகளுக்குப் புதிய நிர்வாகம் பொறுப்பல்ல என்று இன்னொரு பதிலில் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1-ஆம் தேதி கைமாறிய ஊர். முதலில் திருவிதாங்கூர், பிறகு திரு–கொச்சி; அன்றைக்கு விடிந்தபோது சென்னை மாநிலம். ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. என் தாத்தாவின் வயலுக்கான பத்திரம் மலையாளத்தில்தான் இருந்தது. ராஜா போனார், மாநிலம் மாறியது, தாலுகா ஆபீஸில் பாஷை மாறியது. பழைய ராஜாவிடம் வாங்கிய வயல் செல்லாது, வருடச் சந்தா கட்டி மறுபடி வாங்கிக்கொள் என்று எந்தத் தாசில்தாரும் தாத்தாவிடம் சொல்லவில்லை.

இப்போது எதை வாங்கினாலும் இந்தக் கதைதான். அச்சு இயந்திரம் வாங்கினால் வெளிக்கடை மையை ஏற்காது. டிவி வாங்கினால் அதில் அவர்கள் விளம்பரம் ஓடும். கல்லாவில் காசைப் போட்டது நாம், சாமான் நம் வீட்டில் இருக்கிறது, சாவி மட்டும் எங்கோ கடல் தாண்டி ஒரு அறையில். அந்த அறைக்குக் கரண்டு பில் கட்ட மனமில்லாத அன்றைக்கு இங்கே என் கடையில் விளக்கு அணையும். எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான்.

டிவிடியை விட்டுவிடுவது உங்கள் விருப்பம். தொழில் போகிற போக்கு எனக்கும் தெரியும். என் கடையிலேயே இப்போது கல்யாணப் போட்டோக்களை அச்சடித்துக் கொடுக்கும் கரிஷ்மா ஆல்பத்தில் வருகிற காசுதான் வாடகைக்கு ஆகிறது. மீட்டர் கேஜை மூடியபோது ரயில்வேகூட முன்கூட்டித் தேதி சொல்லித்தான் மூடியது. கடைசி ரயிலைப் படம் பிடிக்க நானே கேமராவோடு போய் நின்றேன். அந்தப் படமும் உங்கள் புராஜெக்ட் ஃபைலுக்குள்தான் கிடக்கிறது. ஒரு வரி முன்கூட்டிச் சொல்லியிருந்தால், நூற்று நாற்பது கல்யாணத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து முழுப் படமாக எடுத்து வைத்திருப்பேன்.

தயவுசெய்து அந்தக் கடைசி அப்டேட்டை வெளியிடுங்கள். எல்லோருக்கும் முடியாதென்றால், பெட்டி வைத்திருப்பவர்களுக்காவது கொடுங்கள். அதுவும் முடியாதென்றால், சர்வரை ஒரே ஒரு மாதம் திறந்து வையுங்கள். அந்த அம்மா வீட்டில் தை மாதம் வருடத் திதி வருகிறது. அதற்குள் கிடைத்தால் பெயரோடு ஒரு டிஸ்க் கொடுத்துவிடுவேன்.

சீரியல் நம்பர் அட்டையைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசியில் இருப்பது ஓ எழுத்தா பூஜ்யமா என்று உங்கள் ஊழியர் இரண்டு முறை கேட்டார். 2011-ல் பூஜ்யம் போட்டபோது திறந்தது.

இப்படிக்கு,
பெட்டியும் பில்லும் இன்னும் வைத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர்,
செங்கோட்டை