மதுரைக்கு ரெண்டு நாள் லீவுல வர்றவங்களுக்கு சனி ஞாயிறு சுற்று பஸ் விடச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்:
டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சின்ன லாட்ஜ்ல ரிசப்ஷன் பாக்குறவன், மதுரை.

பெறுநர்:
உயர்திரு சுற்றுலா ஆணையர் அவர்கள், தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: மதுரையச் சுத்தி இருக்குற பழைய இடங்களுக்கு காலைல போய் சாயங்காலம் திரும்புற மாதிரி சனி ஞாயிறு ஸ்பெஷல் பஸ், டைமிங் போர்டு கேட்டு.

ஐயா வணக்கம்,

மனு எழுதி பழக்கமில்ல, நைட் டூட்டில உக்காந்து போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க லாட்ஜுக்கு வர்றதுல பாதிப்பேரு சனிக்கிழமை விடியக்காலம் சென்னைல இருந்து வர்ற பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயில்ல வந்து இறங்கி ஞாயித்துக்கிழமை நைட்டு அதே பாண்டியன்ல ஏறிடுறவங்க. ஆக மொத்தம் கைல இருக்கிறது ரெண்டு பகல். குளிச்சுட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவாங்க, செல்போன உள்ள விடமாட்டாங்கன்னு எங்கிட்டயே குடுத்துட்டு போறவங்களும் உண்டு, பன்னெண்டரைக்கு நடை சாத்துனதும் திரும்பி வந்து போன வாங்கிக்கிட்டே கேப்பாங்க, "அண்ணே கோயில் பாத்தாச்சு, சாயங்காலம் திருமலை நாயக்கர் மஹால் பாத்துருவோம், வேற என்ன இருக்கு?" இந்த வேற என்ன இருக்குக்கு பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு பதினோரு வருஷம் ஓடிருச்சு. பில்லு பின்னாடி பேனாவால மேப் போட்டுக் குடுப்பேன், இங்கன மேலூர் ரோடு, இங்கன ராமேஸ்வரம் ரோடு, இங்கன நாகமலைன்னு. ஒரு பில் புக்கு இதுக்கே காலி, ஓனர் திட்டுவாரு அது வேற கதை.

இடத்துக்கு இங்க பஞ்சமே இல்லய்யா. கீழக்குயில்குடி சமணர் மலை டவுன்ல இருந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர்தான். கீழ தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், மேல செட்டிப்புடவு குகைக்குள்ள ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன மகாவீரர் சிலை. ஊர்க்காரங்க ரொம்ப நாளா அவர செட்டியாருன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்களாம், அதான் செட்டிப்புடவுன்னு பேரு. கூட்டிட்டுப் போன ஒரு பொடியன் "காது இவ்ளோ நீளமா இருக்கே, நம்ம தாத்தாவா"ன்னு கேட்டான், அதுக்கு அவங்கப்பாகிட்ட பதில் இல்ல, எங்கிட்டயும் இல்ல. இன்னும் ஏறுனா பேச்சிப்பள்ளத்துல வரிசையா சமணச் சிற்பங்கள், அடில வட்டெழுத்துன்னு சொல்ற பழைய தமிழ் எழுத்து.

மேலூர் ரோட்டுல போனா மொதல்ல ஒத்தக்கடை, யானைமலை அடிவாரத்துல நரசிங்கம் குடைவரைக் கோயில். கி.பி. 770 கல்வெட்டு இருக்கு, பாண்டிய ராஜாவோட மந்திரி மாறன் காரி கோயிலக் குடைய ஆரம்பிச்சு குடமுழுக்குக்கு முன்னாடியே இறந்துட்டாரு, தம்பி மாறன் எயினன் வந்து முகமண்டபம் கட்டி முடிச்சு வச்சாரு. அண்ணன் ஆரம்பிச்ச வேலைய தம்பி முடிக்கிறது இன்னைக்கு எத்தன வீட்டுல நடக்குது சொல்லுங்க. அதத் தாண்டி போனா அரிட்டாபட்டி, டவுன்ல இருந்து 25 கிலோமீட்டர் வரும். குடைவரை சிவன் கோயில், அதுல தமிழ்நாட்டுல அபூர்வமான லகுலீசர்ங்கிற சிவன் வடிவச் சிற்பம், தமிழின்னு சொல்ற ரொம்பப் பழைய தமிழ் எழுத்துல கல்வெட்டு, மகாவீரர், மேல வட்டமடிக்கிற ராஜாளி. 2022-ல மாநிலத்தோட மொத பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசே அறிவிச்ச ஊரு. கீழடி பத்தி நான் சொல்ல வேணாம், 2023 மார்ச்ல மியூசியம் திறந்ததுல இருந்து எல்லாரும் கேக்குறாங்க, குவிரன் ஆதன்னு பேரு கீறுன பானை ஓட்ட நேர்ல பாக்கணும்னு.

அப்ப பிரச்சனை என்னன்னா எது எங்க இருக்குன்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு, எத எப்பப் பாக்கணும், எத முன்னாடி எத பின்னாடி பாக்கணும், திரும்பி வர கடைசி பஸ் எப்பன்னு சொல்லத்தான் ஆள் இல்ல.

ஒண்ணு சொல்றேன். போன மே மாசம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் வந்திருந்தாங்க. நான் காலைல டூட்டில இல்ல, அவங்களே போன பாத்துட்டு மத்தியானம் பதினோரு மணிக்கு மேல அரிட்டாபட்டி கிளம்பிட்டாங்க. பிங்க் பஸ்ல அம்மாவுக்கு டிக்கெட் இல்ல, அவருக்கு மட்டும் எடுத்து மேலூர் வரைக்கும் ஜாலியா போயிட்டாங்க, அங்கிருந்து உள்ள போற பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்னிருக்காங்க. போய்ச் சேரும்போது கோயில் பூட்டியிருக்கு, செருப்ப கழட்டிட்டு பாறைல நாலடி வச்சதும் அம்மாவுக்கு கால் வெந்து போச்சு, மலைப்பாறை மே மாசம் தோசைக்கல்லுதான். திரும்புறதுக்கு பஸ் எப்பன்னு தெரியல, ஒரு ஆட்டோக்காரர் 1,400 கேட்டிருக்காரு, குடுத்துட்டு வந்தாங்க. நைட்டு ரிசப்ஷன்ல பர்னால் இருக்கான்னு கேட்டாங்களே ஒழிய யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லல, எனக்குத்தான் மனசு ஆறல. அதே இடத்துக்கு காலைல ஆறரைக்கு போயிருந்தா பாறை சில்லுனு இருந்திருக்கும், பறவையும் பாத்திருக்கலாம்.

இன்னொரு குடும்பம் மூணு பிள்ளைங்களோட ஒரு மியூசியத்துக்குப் போய் கேட்டுல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துச்சு, அன்னைக்கு அங்க வார லீவு. தப்பு மியூசியத்து மேல இல்ல, லீவுன்னா லீவுதான், ஆனா ஸ்டேஷன்ல இறங்குன உடனே கண்ணுல படுற மாதிரி ஒரு போர்டு இருந்தா அந்தப் பிள்ளைங்க அங்க போயே இருக்காது.

அதனால எங்க கோரிக்கை இதுதான். கும்பகோணத்துல 2024-ல இருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு அரசு பஸ்ஸே ஒருநாள் சுற்று விட்டுச்சு, 750 ரூபாய் டிக்கெட், காலைல ஏறுனா ஒன்பது கோயிலும் பாத்துட்டு நைட்டுக்குள்ள இறங்கிடலாம். அத மாதிரி மதுரைக்கு சனிக்கிழமை ஒண்ணு ஞாயித்துக்கிழமை ஒண்ணு வேணும், ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல இருந்தே கிளம்பணும், மாட்டுத்தாவணில இருந்துன்னா வெளியூர்க்காரங்க அங்க போய்ச் சேரவே முக்கா மணி நேரம் ஆகிடும்.

சனிக்கிழமை பஸ் காலைல ஆறு மணிக்கு நேரா அரிட்டாபட்டி போகட்டும், வெயில் ஏறுறதுக்குள்ள மலைய முடிச்சுட்டு வர்ற வழில நரசிங்கம், அதுவும் நடை சாத்துறதுக்கு முன்னாடி. மத்தியானம் டவுனுக்குள்ள நுழையுறப்ப தமுக்கம் காந்தி மியூசியம், அது இருக்குறது ராணி மங்கம்மா அரண்மனைலதான், நிழலா உள்ள நடந்து பாக்கலாம், காந்தி சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த ரத்தக்கறை பட்ட துணி அங்கதான் இருக்கு. நாலு மணிக்கு மீனாட்சியம்மன் கோயில் நடை திறக்கும்போது கோபுரத்துக்குப் பக்கத்துல இறக்கி விட்டா சரியா இருக்கும். ஞாயித்துக்கிழமை காலைல சமணர் மலை, பதினோரு மணிக்கெல்லாம் கீழ இறங்கி அங்கிருந்து கீழடி, மத்தியான வெயில் நேரம் மியூசியத்துக்குள்ளயே போயிடும், சாயங்காலம் மஹால், அத முடிச்சுட்டு பாண்டியன் ஏறிடலாம். கோயில் மூடியிருக்குற மூணரை மணி நேரம்தான் இங்க எல்லாரோட பிளானையும் கெடுக்குது, அந்த நேரத்த மியூசியத்துக்கு ஒதுக்கிட்டா போதும், பெரிய கணக்கெல்லாம் இல்லய்யா இது.

மாங்குளத்த இதுல சேக்கச் சொல்ல மாட்டேன். பாண்டிய ராஜா நெடுஞ்செழியன் பேரு வர்ற தமிழிக் கல்வெட்டு இருக்குற மலைதான், 1882-லயே ராபர்ட் சீவெல்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி கண்டுபிடிச்சது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் அதான், ஆனா ஏத்தம் ஜாஸ்தி, வயசானவங்களும் சின்னப் பிள்ளைங்களும் இருக்குற பஸ்ஸுக்கு ஆகாது. அது தனியா ஏறத் தெரிஞ்சவங்களுக்கு.

பஸ் சின்ன பஸ்ஸா இருக்கட்டும். முக்கியமா அரிட்டாபட்டிக்கு பஸ் வருதுன்னு சொல்லி கான்கிரீட் படி, கடை, டைல்ஸ் போட்ட பார்க்கிங் எதுவும் வேணாம்யா. அந்த ஊர்ச் சனங்க டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு தெருவுல நின்னு 2025 ஜனவரில அந்த ஏலத்தயே ரத்து பண்ண வச்சவங்க, பஸ் வர்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரணும். கைடும் அந்தந்த ஊர்ப் பிள்ளைங்களயே போடுங்க, கல்வெட்டுல என்ன எழுதியிருக்குன்னு தொல்லியல் துறை ஆளுங்க நாலு நாள் சொல்லிக் குடுத்தா போதும். அப்புறம் ஸ்டேஷன்லயும் பெரியார் பஸ் ஸ்டாண்டுலயும் ஒரு போர்டு, எந்த இடம் எத்தன மணிக்கு திறக்கும், எப்ப மூடும், வாரத்துல எந்த நாள் லீவு, திரும்பி வர கடைசி பஸ் எப்பன்னு. பழைய டைமிங் அப்படியே தொங்காம மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும்.

இத ஏன் உங்களுக்கு எழுதுறேன்னா, சமணர் மலையும் அரிட்டாபட்டியும் மதுரை மாவட்டம், கீழடி சிவகங்கை மாவட்டம், ஒரு கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தா இன்னொரு மாவட்டத்து விஷயத்துக்கு அவங்களால பதில் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் மேல இருக்குறது நீங்கதான். நகல் ரெண்டு கலெக்டர் ஆபீஸுக்கும் அனுப்பியிருக்கேன்.

பஸ் டைம் முடிவானதும் ஒரு ஷீட்டு எங்களுக்கும் அனுப்பி வைங்கய்யா, ரிசப்ஷன்ல சாவி மாட்டுற பலகைக்குப் பக்கத்துல ஒட்டிக்கிறேன், இந்த ரோட்டுல மத்த லாட்ஜ்காரங்களுக்கும் நானே ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துர்றேன்.

நன்றி.

இப்படிக்கு,
டவுன்ஹால் ரோடு லாட்ஜ் ரிசப்ஷன் ஊழியர்,
மதுரை.