தோள் வலி என்று சொன்ன மோதினார் பாய்க்கு

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடலூர் முதுநகரில் எங்கள் முஹல்லாவாசிகளுக்கும், எனக்காக துஆ செய்தவர்களுக்கும், செய்ததை என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் இருந்தவர்களுக்கும் இந்த மடல்.

நேற்று மஃரிபில் (அந்தித் தொழுகையில்) முதல் தக்பீர் இமாமோடு கிடைத்தது, அதாவது தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். இதையெல்லாமா எழுதுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் தெருவில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) நான் திரும்பத் திரும்பக் கழுவியதில் எங்கள் வீட்டு மோட்டார் எந்நேரமும் ஓடியதும், மாடித் தொட்டி காலியானதும், என் கைகள் இருந்த கோலமும் நீங்கள் பார்த்ததுதான். அதற்குள் மறுபடி போக மனமில்லை. பெரியவர்கள் வஸ்வாஸ் (ஓயாத சந்தேக எண்ணம்) என்றார்கள், டாக்டர் சீட்டில் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்று எழுதினார். அதோடு விடுகிறேன்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பாயிடம் தொடங்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒருநாள் அஸர் (பிற்பகல் தொழுகை) பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிவாசல் ஹவுள் (ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டி) ஓரத்தில் நான் வழக்கம்போல எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு செம்போடு வந்து பக்கத்தில் குந்தினார். "தம்பி, தோள் பிடிச்சிருக்கு. மொண்டு ஊத்த முடியல. கொஞ்சம் ஊத்தி விடுறீங்களா?" என்றார்.

ஊற்றினேன். மணிக்கட்டு, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, தலைக்கு மஸ்ஹு (ஈரக் கையால் தடவுவது), காது, கணுக்கால் வரை கால். அவசரம் ஒன்றுமில்லை, ஆனாலும் சட்டென்று முடிந்துவிட்டது. செம்பில் தண்ணீர் மிச்சமும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் செம்பை நிரப்பி, "கையை நீட்டுங்க, இப்ப நான் ஊத்துறேன்" என்றார்.

"தோள் வலின்னீங்களே?"

"அடுத்தவங்களுக்கு ஊத்தினா வலிக்காது."

என் இரண்டாவது காலோடு தண்ணீர் தீர்ந்தது. "முழங்கை நனைஞ்சதா பாய்?" என்று கேட்டேன். நனைந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செம்பைத் திண்ணையில் கவிழ்த்துவிட்டு, "பாங்குக்கு நேரமாச்சு, முன் ஸஃப்புக்குப் போங்க" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு மறுபடி குழாயடிக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நின்றபோதும் அப்படித்தான் இருந்தது. ஆனால் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தோள் அடிக்கடி பிடித்துக்கொண்டது.

இதில் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நான் ஒரு வயதானவருக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன். குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்த பையன்கள்கூட வழிவிட்டு உட்கார்ந்தார்கள். நோயாளியைத் தூக்கிவிடுகிறேன் என்று அவர் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை.

மஞ்சக்குப்பத்தில் என்னைப் பார்க்கும் மனநல டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒரு சுற்றோடு நிறுத்துவது, "சரியாகச் செய்தேனா" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமல் இருப்பது, பதற்றம் தானாக ஏறித் தானாக இறங்கும்வரை பொறுப்பது: வீட்டில் செய்யச் சொல்லி அவர் சொல்லவிருந்ததே இவைதானாம். மாத்திரை பலன் தர சில வாரம் ஆகும், அதுவரை இந்தப் பயிற்சியை விட வேண்டாம் என்றார்.

ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) எழுதிக் கொடுத்த தாளையும் சொல்ல வேண்டும். மார்க்கம் குறைந்தபட்சம் என்ன கேட்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொன்னது டாக்டர்தான். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து (பழைய அரபு அளவு) தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள். நம் கணக்கில் அது ஒரு லிட்டருக்குள் அடங்கும். உறுப்புகளை ஒரு தடவை கழுவினாலே கடமை முடிந்தது, மூன்று தடவை சுன்னத் (நபிவழி). தொழுகையில் காற்றுப் பிரிந்து ஒளு முறிந்ததோ என்று தோன்றினால், சத்தம் கேட்காமல், வாடை தெரியாமல் தொழுகையை விட்டுப் போகக் கூடாது. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது. இவ்வளவுதான் தாளில் இருந்தது.

இதில் ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை. மதரஸாவில் ஓதியவன்தானே. தெரிந்ததுதான் தொல்லையாகவே இருந்தது. மூன்றுக்கு மேல் போவது வரம்பு மீறல் என்று ஓதியிருந்ததால், இப்போது கழுவியது மூன்றாவதா நான்காவதா என்று ஒரு சந்தேகம் கூடுதலாக வந்து உட்கார்ந்துகொண்டது. தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஅபா (ரலி) தண்ணீர் ஊற்ற, நபியவர்கள் ஒளு செய்த ஹதீஸையும் (நபியைப் பற்றிய அறிவிப்பு) ஓதியிருக்கிறேன். ஒளுவுக்கு இன்னொருவர் ஊற்றலாமா என்ற சட்டத்துக்காக ஓதியது. அப்படி ஒருவர் எனக்கும் ஊற்றுவார் என்று எங்கே நினைத்தேன்?

மற்றவர்களை மொத்தமாகத்தான் சொல்ல முடியும், பெயர் சொல்லப் போனால் யாராவது விட்டுப்போவார்கள். "சுத்தமா, சுத்தமா" என்று நான் கேட்கும்போதெல்லாம் வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்ட என் வீட்டுக்காரி (எல்லாரையும்விடக் கஷ்டமான வேலை அவளுக்குத்தான்), ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்த அம்மா, வேலையை விட்டு நிறுத்தாமல் கல்லாவிலிருந்து குடோனுக்கு மாற்றி வைத்த கடை முதலாளி, எங்கள் தொட்டி காலியானபோதெல்லாம் காரணம் கேட்காமல் ஓஸைச் சுவருக்கு மேலே போட்ட பக்கத்து வீட்டு அக்கா, எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன். ஈமான் பலவீனம் என்று சொன்னவர்களுக்கும் ஸலாம். வாயில் சொல்லக் கூசும் எண்ணங்கள் வருகின்றன என்று நபித்தோழர்களான ஸஹாபாக்களே முறையிட்டிருக்கிறார்கள். அதுதான் தெளிவான ஈமான் என்று அவர்களுக்கு நபியவர்கள் பதில் சொன்னது முஸ்லிம் ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது. சாவகாசமாக ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முழுசாகச் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. குளிப்பு இன்னும் நீளுகிறது. ஸுபுஹு (வைகறைத் தொழுகை) சில நாள் தள்ளாடுகிறது. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் உறுதி சொல்லிக்கொள்கிறேன். நம் பள்ளிவாசல் ஹவுள் ஓரத்தில் யாராவது எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், இனி எனக்கும் தோள் பிடித்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

மோதினார் பாய், உங்கள் தோள் விஷயம். போன ரமலானில் கஞ்சி அண்டாவை நீங்கள் ஒற்றை ஆளாக இறக்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஒருவேளை உண்மையாகவே வலி இருந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எலும்பு டாக்டரிடம் போய்வருவோம். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். செலவு என்னுடையது, அதில் பேச்சு வேண்டாம்.

வஸ்ஸலாம்.