லீட்ஸிலிருந்து அண்ணனுக்கு: இந்த ஊர் மீன் கடை

லீட்ஸ், யார்க்‌ஷயர்.

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? "வெள்ளைக்காரன் மீனை உருளைக்கிழங்கோடு பொரித்துத் தின்கிறானே, அதில் அப்படி என்ன இருக்கிறது" என்று போனில் கேட்டீர்கள். ஜனவரியில் பெரியவன் படிக்க வரும்போது எந்தக் கடைக்குப் போகச் சொல்வது என்று அண்ணியும் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். வேளாங்கண்ணிக் கடற்கரையில் அடுப்பு முன்னால் நிற்கிற உங்களுக்கு மீன் வறுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் போடும் கணக்கே வேறு.

முதலில் அம்மாவுக்காக ஒன்று. யார்க்‌ஷயரில் பெரும்பாலான மீன் கடைகளில் பொரிப்பது எண்ணெயில் அல்ல, மாட்டுக் கொழுப்பில். பீஃப் டிரிப்பிங் என்பார்கள். கட்டிகட்டியாக வாங்கி உருக்கிக் கொப்பரையில் நிரப்புகிறார்கள். அதில்தான் மொறுமொறுப்பும் மணமும் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். பொய்யும் இல்லை. சிப்ஸ் என்று இவர்கள் சொல்லும் தடித்த கிழங்குத் துண்டும் அதே கொழுப்பில்தான் வேகும் என்பதால், "மீன் வேண்டாம், சிப்ஸ் மட்டும் போதும்" என்று வாங்கினாலும் தப்ப முடியாது. தெற்கே, லண்டன் பக்கமெல்லாம், பாமாயில், சூரியகாந்தி, கடுகு இனத்து ரேப்சீட் எண்ணெய் என்று போகும். லீட்ஸிலும் மாணவர்கள் குடியிருக்கும் தெருக்களிலும் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளிலும் தாவர எண்ணெய் கிடைக்கும். "எதில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, தினம் பத்துப் பேர் கேட்கிற கேள்விதான். சுத்த சைவக்காரர்களுக்கு அதுவும் போதாது. எண்ணெய் தாவரமாக இருந்தாலும் மீனும் சாசேஜும் அதிலேயே பொரிந்திருக்கும். சைவத்துக்குத் தனிக் கொப்பரை உண்டா என்றும் கேட்க வேண்டும். இதைப் பெரியவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சாப்பிட்ட பிறகு தெரிந்தால் சங்கடம்.

இனி நல்ல கடையைக் கண்டுபிடிப்பது. நீங்கள் முதலில் மீனைப் பார்ப்பீர்கள். இங்கே மீனைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, கிழங்கைப் பார்க்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். இந்த நாட்டுக் கடைகளில் விற்பது முக்கால்வாசி இரண்டே மீன்: காட், ஹாடக். சின்ன வயதில் நாம் முழுங்கிய மீன் எண்ணெய் மாத்திரை இருக்கிறதே, அந்தக் காட் தான். சதை பாளம் பாளமாகப் பிரியும், வெள்ளை வெளேரென்று இருக்கும். ஹாடக் கொஞ்சம் சின்னது, இனிப்பு கூடுதல். தோலில் கறுப்புக் கோடும் செவுளுக்குப் பின்னால் கட்டைவிரல் வைத்து அழுத்தியது போல ஒரு கறையும் இருக்கும். யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹாடக், தெற்கே காட். இங்கே தோலை உரித்துத்தான் பொரிப்பார்கள், தெற்கே தோலோடு. இரண்டும் பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து, ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடல் பக்கமிருந்து வருகின்றன. முன்பு ஹல், கிரிம்ஸ்பி துறைமுகப் படகுகள் ஐஸ்லாந்துக் கடலுக்கே போய்ப் பிடித்து வந்தன. ஐஸ்லாந்து 200 மைல் எல்லை போட்டு, சண்டை முற்றி, 1976-இல் அந்த மீன்பிடிப்பு முடிந்தது. நமக்கும் இலங்கைக்கும் நடுவே இரண்டாவது எல்லை ஒப்பந்தம் போட்டதும் அதே 1976 தான். நாகப்பட்டினத்தில் இருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிடித்த கப்பலிலேயே சில மணி நேரத்துக்குள் முள்ளெடுத்து, துண்டு போட்டு, உறைய வைத்துவிடுகிறார்கள். நல்ல கடைகள் பல இதைத்தான் வாங்குகின்றன. ஐஸ் மீன் என்றாலே நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் கரைக்கு வந்து, ஏலம் போய், லாரி ஏறி நாலைந்து நாள் கழித்து வரும் "ஃப்ரெஷ்" மீனை விட இது பல நேரம் மேல். ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்து மெதுவாக உருக விட்டு, தண்ணீர் வடித்து, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவசரத்துக்குத் தண்ணீரில் போட்டு உருக்கினால் சதை நீர்கோத்துச் சொதசொதவென்று ஆகிவிடும். ஆக, ஒரே மாதிரிச் சரக்கு எல்லாக் கடைக்கும் வருகிறது. கடற்கரை ஊர்க் கடை என்பதாலேயே மீன் அந்தக் கடலில் பிடித்தது என்று நம்ப வேண்டாம். பலகையில் மீன் பெயர் போடாமல் வெறும் "ஃபிஷ்" என்று இருந்தால் என்ன மீன் என்று கேட்க வேண்டும். நம்மூர் ஹோட்டல்களில் பாசா என்று போடுகிறார்களே, அதுவே இங்கே "ரிவர் காப்ளர்" என்ற பெயரில் மலிவாக வரும்.

கிழங்கு அப்படி இல்லை. அது கடைக்காரன் கையில் இருக்கிறது. மாரிஸ் பைப்பர் என்ற ரகம்தான் பேர்போனது, 1966-இல் வந்தது. மார்க்கீஸ், அக்ரியா ரகங்களும் நன்றாக வரும். கிழங்கில் நூற்றுக்கு 20 முதல் 24 பங்கு திடப்பொருள் இருந்தால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவுபோல் உதிர்வும் வரும். அதற்குக் குறைந்தால் தண்ணீர்தான். கொழுப்பைக் குடித்துத் துவண்டுவிடும். குளிரில் நாள்பட வைத்தாலும் கெடும். 8 டிகிரிக்குக் கீழே மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பொரிக்கும்போது உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்து, லேசாகக் கசக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்து எண்ணெய் பழசு என்று நினைப்பார்கள். பல நேரம் குற்றவாளி கிழங்குக் கிடங்கு.

அதனால் இங்கே கிழங்குக்குப் பருவம் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் தோண்டியதை அடுத்த மே, ஜூன் வரை கிடங்கில் வைத்து ஓட்டுவார்கள். கடைசியில் முளை கட்டி, சர்க்கரை ஏறிப்போய் இருக்கும். ஜூன் கடைசியில் புதுக் கிழங்கு வந்தாலும் அது முற்றாதது, நீர்ச்சத்து அதிகம். ஆகவே ஜூன், ஜூலையில் நல்ல கடையே தடுமாறும். அந்த மாதத்தில் சாப்பிட்டுவிட்டுக் கடையைப் பழிக்கக் கூடாது. பெரியவன் வரும் ஜனவரி நல்ல காலம்தான்.

கடைக்குள் நுழைந்ததும் 25 கிலோ காகித மூட்டைகள் எங்காவது தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் அங்கேயே தோல் சீவி, கத்தி நுனியால் முளைக்கண் தோண்டி, வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். வெட்டிய துண்டில் அங்கங்கே கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தால் அது குறை அல்ல, சாட்சி. வெட்டியே வாங்கும் கடைகளும் உண்டு. நிறம் மாறாமலிருக்க சல்ஃபைட் மருந்தில் முக்கியிருப்பார்கள், மேல்தோல் ரப்பர்போல் இழுக்கும். துண்டு ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். மெல்லிசாக வெட்டினால் பரப்பு கூடிக் கொழுப்பும் கூடும். 175 முதல் 180 டிகிரியில் ஒரே பொரிப்பில் எடுப்பது இங்குள்ள வழக்கம். சிலர் முதலில் 140 சுமாரில் அரைவேக்காடாக எடுத்து ஆறவிட்டு மறுபடி போடுவார்கள்.

மாவு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். மசாலா, மிளகாய்த்தூள், எலுமிச்சை ஒன்றும் கிடையாது. மைதா, உப்பு, பேக்கிங் பவுடர், பச்சைத் தண்ணீர். முட்டை கூடப் பெரும்பாலும் இல்லை. கிலோ மாவுக்கு ஒண்ணேகால் லிட்டர் சுமார் தண்ணீர். தோசை மாவை விட நீர்க்க, ரவா தோசைக் கரைசலை விடச் சற்றுக் கெட்டியாக வரும். தண்ணீர் ஐஸ் போல் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். குளிரில் கோதுமைப் பசை எழும்பாது, பேக்கிங் பவுடரின் காற்றும் சட்டியில் போடும் வரை வீணாகாது. ரொம்ப அடித்துக் கலக்கினாலோ, காலையில் கரைத்ததை மாலை வரை வெளியே வைத்தாலோ மேல்பாகம் பலகை மாதிரி ஆகிவிடும்.

ஒற்றிய மீனை உலர்ந்த மாவில் புரட்டி, கரைசலில் முக்கி, பாத்திர விளிம்பில் ஒரு பக்கம் இழுத்து அதிகப்படியை வழிப்பார்கள். பிறகு வால் பக்கத்தை விரலில் பிடித்துக்கொண்டே கொப்பரையில் முன்னும் பின்னும் ஓரிரு முறை அலசி, மாவு பிடித்துக்கொண்டதும் தனக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து விடுவார்கள். நேராகப் போட்டால் அடியில் போய் ஒட்டும். 180 முதல் 185 டிகிரி. 170 கிராம் துண்டுக்கு ஆறேழு நிமிடம். மீன் உள்ளுக்குள் தன் ஆவியிலேயே வேகிறது, மாவு அதற்கு மூடிதான். இடம் இருக்கிறதே என்று அதிகமாகப் போட்டால் சூடு இறங்கிக் கொழுப்பு குடிக்கும். இது உங்களுக்கே தெரியும்.

நல்ல கடையா இல்லையா என்று தெரிய ஒரு சோதனை. வாங்கியதும் மேலோட்டை நடுவில் உடைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுக்கும் மீனுக்கும் நடுவே கூழ்போல வெள்ளையாக ஒரு படலம் இருந்தால், மீனை ஒற்றவில்லை, அல்லது கரைசல் கெட்டி, அல்லது சூடு போதவில்லை. சுத்தமாகப் பிரிந்து உள்ளே ஆவி வந்தால் சரியான கை. நிறம் வெளிர் பொன்னாக இருக்க வேண்டும். கரும்பழுப்பும் கசந்த நெடியும் இருந்தால் கொழுப்பைத் தினம் வடிகட்டுவதில்லை. உதிர்ந்த மாவுத் துணுக்கு அடியில் கிடந்து கருகித்தான் எண்ணெய் சீக்கிரம் கெடுகிறது. தெருமுனையிலேயே பழைய எண்ணெய் நாற்றம் அடித்தால் உள்ளே போகவே வேண்டாம்.

நேரமும் முக்கியம். பொரித்த மீனைக் கண்ணாடிப் பெட்டியில் சூடாக வைத்திருப்பார்கள். கூட்டம் ஓடும்போது அது நிமிடத்தில் காலியாகும். கூட்டமில்லாத நேரத்தில் போனால் முந்தியே பொரித்தது தலையில் விழும். அப்போது "ஐந்து நிமிடம் ஆகும், புதிதாகப் போடுகிறேன்" என்று சொல்லும் கடைதான் கடை, காத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து, ஆறு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டும். வெள்ளியன்று இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கப் பழக்கத்தின் மிச்சம் அது. வேளாங்கண்ணியில் புரியாதவர் யார்? பல கடைகள் மதியம் மூடி மாலை நாலரைக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை. மீனோடு பீட்சா, கபாப், கோழி என்று பலகை நிறைய எழுதிய கடையில் எதுவும் உருப்படியாக இருக்காது என்பது என் கட்சி.

வாசலில் பச்சையும் கறுப்புமாக ஒரு ஸ்டிக்கர், 0 முதல் 5 வரை எண். அது சுகாதாரத்துக்கு மட்டும், ருசிக்கு இல்லை. வேல்ஸில் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் இல்லை. ஒட்டாத கடையின் எண்ணை அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மீனும் கிழங்கும் 9 முதல் 12 பவுண்டு வரை. லண்டனில் இன்னும் மேலே. 2022 ஜூலையில் ரஷ்யாவிலிருந்து வரும் காட், ஹாடக் போன்ற வெள்ளை மீனுக்கு 35 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள், எண்ணெய், மின்சாரம் எல்லாம் ஏறியது. இப்போது மலிவுச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. ஒரு பங்கு இரண்டு பேர் வயிற்றுக்குக் காணும்; சின்ன அளவு கேட்டாலும் தருவார்கள். கையில் காசு இல்லாத நாளில் யார்க்‌ஷயர் ஃபிஷ்கேக் வாங்கச் சொல்லுங்கள்: இரண்டு கிழங்கு வட்டத்துக்கு நடுவே மீன் வைத்து, மாவில் முக்கிப் பொரிப்பது. "ஸ்கிராப்ஸ்" என்று கேட்டால் உதிர்ந்த மொறுமொறுப்புத் துணுக்கைப் பல இடங்களில் சும்மாவே மேலே தூவுவார்கள். பட்டாணி மசியல் உண்டு, காய்ந்த பட்டாணியைச் சோடா உப்பில் இரவு ஊறவைத்து வேகவைத்தது, உப்பு சப்பில்லை. கறி சாஸ் என்று மஞ்சளாக ஒன்று ஊற்றுவார்கள், அதை உங்களிடம் விவரித்து வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை. ஹல் நகரத்துப் பக்கம் மட்டும் கிழங்கில் உப்பும் பாப்ரிக்கா மிளகாய்ப்பொடியும் கலந்து தூவுகிறார்கள். நம் நாக்குக்கு அதுதான் கொஞ்சம் ஆறுதல்.

கடைசியில் "சால்ட் அண்ட் வினிகர்?" என்று கேட்பார்கள். உப்பு முதலில், வினிகர் பிறகு என்று போட்டால் உப்பு கரைந்து கீழே போய்விடும். வினிகருக்குப் பின் உப்பு போடச் சொல்ல வேண்டும். புட்டியில் வினிகர் என்ற சொல்லே இல்லாவிட்டால் அது அசிட்டிக் அமிலத்தில் நிறம் சேர்த்தது. வினிகர் என்று அதை விற்கச் சட்டம் விடாது. "ஓப்பன் ஆர் ராப்டு?" என்றால், அங்கேயே நின்று தின்னத் திறந்து வைக்கவா, வீட்டுக்குப் பொதியவா என்று கேட்கிறார்கள். காகிதத்தில் கட்டினால் ஆவி வெளியேறும். மூடிய அட்டைப் பெட்டியில் பத்து நிமிடத்தில் ஓடு வியர்த்து இளகிவிடும். வழியில் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தே கொண்டுபோக வேண்டும். ஆறிப்போனால் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, 200 டிகிரி ஓவனில் ஐந்தாறு நிமிடம் கம்பித் தட்டில் வைத்தால் பாதி மானம் மீளும்.

பெரியவன் வரும்போது அண்ணி அரைத்த மீன் மசாலா அரைக் கிலோ கொடுத்தனுப்புங்கள். பொட்டலத்தில் என்ன பொடி என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

தங்கள் அன்புத் தம்பி