காலி விமானம் ஏன் மெதுவாகப் போக வேண்டும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

எடை குறைந்த விமானத்தை ஏன் இன்னும் மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள் என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இறக்கை முறிவது, இன்ஜின் மவுண்ட் பிய்வது என்றெல்லாம் அவள் காதில் விழுந்தால், நீ தனியாகப் பறக்கப்போகும் விஷயம் வீட்டில் பெரிய பஞ்சாயத்தாகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த முள், வேகமானியின் முள். விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருந்த காலமெல்லாம் நான் கழற்றிப் பூட்டியது இதைத்தான். நீ பயிலும் சின்ன செஸ்னா விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் இருக்கும் பீட்டோ குழாயில் எதிர்க்காற்று வந்து மோதுகிறது. உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டாட்டிக் துளை வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் உள்ளே ஒரு மெல்லிய உலோக டப்பி உப்பும், அது முள்ளைத் தள்ளும். அந்த வித்தியாசம் எவ்வளவு சின்னது தெரியுமா? கடல் மட்டத்தில் 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் சுமார் 16.5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். 50 நாட்டில் நாலு சென்டிமீட்டர்தான். வாயை வைத்துப் பலமாக ஊதினாலே முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும், கருவியும் வீணாகிவிடும். புதிதாக வரும் பையன்களுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லும் எச்சரிக்கை இது.

ஆக, முள் காட்டுவது காற்றின் அழுத்தத்தை. இறக்கைக்கும் அதுதான் கணக்கு. 10,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால் முள் 100 காட்டும்போது நீ நிஜத்தில் 116 நாட்டில் போய்க்கொண்டிருப்பாய். ஆனால் ஸ்டால் ஆவது, அதாவது காற்றை எதிர்கொள்ளும் கோணம் மிகுந்துபோய் இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, கீழே எந்த எண்ணில் ஆனதோ, ஏறக்குறைய அதே எண்ணில்தான். அதனால்தான் டயலில் ஒரே தடவை வண்ணம் பூசிவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறது. வெள்ளை, பச்சை எல்லாம் உனக்கு மனப்பாடம். மஞ்சளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: 129 நாட்டுக்கு மேலே, 163 சிவப்புக் கோடு வரை, காற்று அசையாமல் இருந்தால் மட்டுமே போகலாம். நீ பறக்கும் பாராமதியில் கோடை மதியத்தில் அப்படிப்பட்ட காற்று எங்கே கிடைக்கப்போகிறது?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். டயலில் எங்கேயும் குறிக்காத வேகம், வி.ஏ. கண்ட்ரோலை ஒரு தடவை முழுதாக இழுத்தாலும் விமானம் முறியாத உச்ச வேகம் என்று வைத்துக்கொள். உங்கள் 172 எஸ் மாடலில் முழு எடையான 2550 பவுண்டுக்கு 105 நாட். 1900 பவுண்டுக்கு 90. எடை குறைந்தால் வேகத்தைக் கூட்டலாம் என்றுதானே தோன்றும், ஏன் குறைக்கச் சொல்கிறார்கள் என்றாய். நல்ல கேள்வி. லைசென்ஸ் வாங்கிய பல பேரே இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

அந்த விமானம் 3.8 ஜி (எடையைப் போல 3.8 மடங்கு சுமை) வரை தாங்கும் என்று சான்றிதழ் வாங்கியது. முழு எடையில் 105 நாட்டில் போகும்போது நீ கண்ட்ரோலை வெடுக்கென்று இழுத்தாலும், கீழிருந்து ஒரு காற்று தூக்கி அடித்தாலும், சுமை 3.8ஐத் தாண்டுவதற்குள் இறக்கை ஸ்டால் ஆகிவிடும். அதற்கு மேல் அதனால் தூக்க முடியாது. அந்த ஸ்டால்தான் விமானத்தைக் காப்பாற்றுகிறது.

இப்போது இன்ஸ்ட்ரக்டர் இறங்கிவிட்டார், டேங்கும் நிறைய இல்லை. எடை 2100 பவுண்டு என்று வைத்துக்கொள். இந்த எடையைத் தாங்க இறக்கை குறைந்த கோணத்தில் இருந்தால் போதும். அப்படியென்றால் ஸ்டால் ஆகும் கோணம் இன்னும் தள்ளி இருக்கிறது. அதே 105 நாட்டில் காற்று தூக்கினால், ஸ்டால் ஆவதற்குள் நாலரை ஜியைத் தாண்டிவிடும். இறக்கைக்கு வரும் மொத்தப் பளு பழையதுதான், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இன்ஜினின் எடை குறையவில்லையே! அதைப் பிடித்திருக்கும் மவுண்ட், பேட்டரிப் பெட்டி, உன் சீட் எல்லாம் அந்த நாலரையை வாங்க வேண்டும். காலி லாரி பள்ளத்தில் எப்படித் தூக்கிப் போடும் என்று நம் ஊர் ரோட்டில் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே கதைதான். கணக்கு வேண்டுமென்றால் 2100ஐ 2550ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 105ஆல் பெருக்கு. சுமார் 95 வரும். தனியாகப் போகும்போது உன் எண் அதுதான்.

வி.ஏ.க்குக் கீழே இருந்தால் என்ன வேண்டுமானாலும் ஆட்டலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னால் போன 747 விட்டுப்போன சுழல் காற்றில் மாட்டியது. துணை விமானி ரட்டரை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் பலகையை) இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மிதிக்க, வாலின் செங்குத்துப் பகுதியே பிய்ந்து விழுந்தது. விமானத்தில் 260 பேர், தரையில் 5 பேர் போனார்கள். வேகம் வி.ஏ.க்குக் கீழேதான் இருந்தது. அந்த எண் தருகிற உத்தரவாதம் ஒரு பக்கம், ஒரு தடவை மிதிப்பதற்குத்தான்.

அப்புறம், முள்ளே பொய் சொன்னால்? 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் பிர்கன்ஏர் 757 ஒன்று பல நாள் பறக்காமல் நின்றிருந்தது, பீட்டோ மூடியும் போட்டிருக்கவில்லை. குழாயில் ஏதோ பூச்சி, அநேகமாகக் குளவி, கூடு கட்டியிருக்கலாம் என்பது விசாரணையில் வந்த ஊகம். ஓடுபாதையிலேயே கேப்டனின் முள் வேலை செய்யவில்லை. அது தெரிந்தும் கிளம்பினார்கள். மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறைகிறது, குழாயில் அடைபட்ட காற்றோ அப்படியே இருக்கிறது. வித்தியாசம் கூடுகிறது, முள்ளும் ஏறுகிறது. வேகம் அதிகம் என்று காட்டிக்கொண்டே இருக்க, அதைக் குறைக்க மூக்கு மேலே தூக்கப்பட்டு, விமானம் மெதுவாகி ஸ்டால் ஆகிக் கடலில் விழுந்தது. 189 பேர். துணை விமானியின் முள் சரியாகத்தான் இருந்தது. 1978 புத்தாண்டன்று பம்பாயில் கிளம்பிய ஏர் இந்தியா 747இல் கேப்டனின் ஆட்டிட்யூட் கருவி (விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டுவது) மட்டும் கெட்டு, 213 பேர் போனதும் இதே ரகம்தான். பக்கத்துக் கருவி சொன்னதைக் கேட்க நேரம் இருந்திருக்கவில்லை.

உன் விமானத்தில் இரண்டாவது முள் கிடையாது. அதனால் கிளம்புவதற்கு முன் குழாயின் வாயைக் குனிந்து கண்ணால் பார், குச்சி விட்டுக் குத்தாதே. ஓடுபாதையில் முள் எழும்பவில்லையா, த்ராட்டிலை மூடி நிறுத்திவிடு. யாராவது கேலி செய்தால் செய்யட்டும். மேலே போனபின் முள் சந்தேகமாக இருந்தால் அதைத் துரத்தாதே: மூக்கு அடிவானத்தில் வழக்கமாக எங்கே இருக்குமோ அங்கே வை, ஆர்.பி.எம். வழக்கமான எண்ணில் வை, விமானம் வழக்கமான வேகத்தில்தான் போகும். பீட்டோ ஹீட்டை, அதாவது குழாயைச் சூடாக்கும் சுவிட்சைப் போடு. உயரமானியும் சேர்ந்து உறைந்து நின்றால் கோளாறு ஸ்டாட்டிக்கில். வெளித்துளைக்குப் பதிலாக வேறு வழியில் அழுத்தத்தை எடுக்கும் ஆல்டர்நேட் ஸ்டாட்டிக் குமிழை இழு. வேகமானி, உயரமானி இரண்டும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான். டவருக்குச் சொல்லிவிட்டு வந்து இறங்கு.

நீ ஓட்டப்போகும் விமானத்தின் எடைக் கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எனக்கு மட்டும் அனுப்பு, குடும்ப குரூப்பில் போடாதே. சனிக்கிழமை இரவு உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா