எண் கோட்பாடு சோறு போடுமா?

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரைதான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

சரி, உன் மகள் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். எண் கோட்பாடு, அதாவது முழு எண்களின் குணங்களை ஆராயும் கணிதம், படித்தால் சோறு போடுமா, பேசாமல் ஏ.ஐ. பக்கம் தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் கிறிஸ்டின் லாட்டர் என்று ஓர் அம்மா இருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1996-ல் கணிதத்தில் பிஎச்.டி. முடித்தவர். 1999-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய், இருபது வருடத்துக்கு மேல் அங்கே குறியாக்கவியல்தான் வேலை. தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் கலை அது; அதற்கு அடித்தளமே எண் கோட்பாடு மாதிரியான கணிதம்தான்.

2016-ல் அவரும் சகாக்களும் செய்த கிரிப்டோநெட்ஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆஸ்பத்திரி தன் தரவைப் பூட்டியே அனுப்பும். சர்வர் அதைத் திறக்காமலே கணக்குப் போட்டு, விடையையும் பூட்டியபடியே திருப்பித் தரும். சாவி ஆஸ்பத்திரியிடம் மட்டும். சிக்கல் என்னவென்றால், பூட்டிய எண்களை வைத்துக் கூட்டலும் பெருக்கலும்தான் செய்ய முடியும். அங்கே கணக்குப் போடுகிற ஏ.ஐ.யான நியூரல் நெட்வொர்க்கிலோ, எண் மைனஸில் இருந்தால் பூஜ்யமாக்கு என்று ஒரு படி வரும். பூட்டிக் கிடப்பது பிளஸ்ஸா மைனஸா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? அந்தப் படியைத் தூக்கிவிட்டு, எண்ணை வர்க்கமாக்கு என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்! கையால் எழுதிய எண்களை 99% சரியாகச் சொன்னது. ஒரே கணினியில் மணிக்குச் சுமார் 59,000 விடைகள். ஆயிரக்கணக்கான படங்களை ஒரே தடவையில் சேர்த்துப் போடுவதால்தான் அவ்வளவு. என்ன, ஒரே ஒரு படம் கொடுத்தாலும் 250 விநாடி காத்திருக்க வேண்டும்.

அப்புறம் 2021-ல் ஃபேஸ்புக்கின் ஏ.ஐ. ஆராய்ச்சிக்கு மாறினார். மறுவருடமே சால்சா வந்தது. மொழிபெயர்ப்புக்காகப் பிறந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற ஏ.ஐ. வகையைக் கொண்டு, லாட்டிஸ் என்கிற கணித அமைப்பை நம்பிய குறியாக்கத்தை உடைக்கப் பார்க்கும் வேலை. கிரிப்டோநெட்ஸ் நம்பி நின்றதும் அதே குடும்பத்துக் கணக்கைத்தான்! இந்தத் துணிச்சலுக்காகவே அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும். உடைந்ததா என்றால், ரகசியச் சாவியில் பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கிற சின்ன அளவுப் பூட்டுகள் மட்டும் உடைந்தன. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024-ல் தரமாக அறிவித்த கைபர் என்ற லாட்டிஸ் குறியாக்கத்துக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. 'ஏ.ஐ. எல்லாப் பாஸ்வேர்டையும் உடைத்துவிடும்' என்று வாட்ஸப்பில் வருவதை நம்பிக்கொண்டிருக்காதே.

ஆகவே பாப்பா எண் கோட்பாடே படிக்கட்டும். பைத்தானை ஒரு லீவில் கற்றுக்கொள்ளலாம். கணிதத்தை அப்படிப் பிடிக்க முடியாது. சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதக் கழகத்தின் (சி.எம்.ஐ.) நுழைவுத் தேர்வுக்கு மறக்காமல் விண்ணப்பிக்கச் சொல். சந்தேகம் ஏதாவது இருந்தால் எனக்கே போன் பண்ணட்டும், நீ நடுவில் வராதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய ரூம்மேட்