மகள் ஜெசிந்தாவுக்கு, பெர்னாண்டோ என்ற நம் பெயரைப் பற்றி

மரியே வாழ்க.

தூத்துக்குடி

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். ஏழாம் மாதம் நடக்கிறது, படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள் என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

போனில் நீ கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. லிஸ்பனில் உன்னோடு வேலை பார்க்கிறவர்கள், "பெர்னாண்டோ எங்கள் ஊர்ப் பெயராயிற்றே, உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் யாரோ போட்ட முத்திரையைச் சுமப்பது போல் கூச்சமாக இருக்கிறது, பிறக்கப்போகிற பிள்ளைக்கு இது வேண்டாம் என்று தோன்றுகிறது என்றாய். மாப்பிள்ளைக்கு இனிஷியல் மட்டும்தான். குடும்பப்பெயர் என்று அவர் வீட்டில் ஒன்று கிடையாது. அப்படியானால் பிள்ளைக்கு எதைப் போடுவது என்ற கேள்வி உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

முதலில் அவர்கள் ஆச்சரியப்படுவதில் நியாயம் இருக்கிறது. போர்ச்சுகலில் பெர்னாண்டோ என்பது ஆளுக்கு வைக்கிற பெயர். குடும்பப்பெயராக வருவது பெர்னாண்டஸ், அதாவது பெர்னாண்டோவின் மகன். கோவாவிலும் மங்களூரிலும் அந்தப் பெர்னாண்டஸ்தான் குடும்பப்பெயராக நிலைத்தது. நம் கரையிலும் இலங்கையிலும்தான் 'பெர்னாண்டோ'வே குடும்பப்பெயராகிவிட்டது. அதனால் அங்கே யாராவது கேட்டால் தலை குனியாதே. இந்த வடிவத்தில் இது நம்முடைய பெயர், உங்களுடையது இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

போர்ச்சுகீசியர்களுக்குமே அது இரவலாக வந்த பெயர்தான். வடக்கேயிருந்து வந்து 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை, போர்ச்சுகலும் ஸ்பெயினும் இருக்கிற அந்தத் தீபகற்பத்தில் ஆட்சி செய்த விசிகோத்துகள் என்ற இனத்தாரின் ஜெர்மானிய மொழியில் பிறந்தது. பெயரின் பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதி பயணத்தைக் குறிக்கிறது என்பார்கள். சமாதானம் என்று கொள்வாரும் உண்டு. துணிந்து பயணம் போகிறவன் என்பது கடலுக்குப் போகிற நம் சனத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த அர்த்தம் தெரிந்து இங்கே யாரும் சூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சூட்டிக்கொண்ட காரணம் வேறு. உனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

1530-களில் இந்த முத்துக்குளித்துறையில் பெரிய கலகம். முத்துக் குளிக்கும் உரிமை யாருக்கு என்பதில் நம் பரதவர் ஆட்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் தகராறு முற்றி, இரண்டு பக்கமும் உயிர்ச்சேதம். கடுக்கனோடு காது அறுபட்ட கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பாய், அந்தக் காலம்தான். கரையை விட்டே ஓடவேண்டிய நிலை. அப்போது ஜுவாங் தா குரூஸ் என்று ஒருவர். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி அனுப்பி 1513-ல் லிஸ்பனுக்குப் போய், அங்கேயே ஞானஸ்நானம் பெற்று வந்தவர், குதிரை வியாபாரி. கொச்சியில் இருக்கிற போர்ச்சுகீசியர்களிடம் உதவி கேளுங்கள் என்று யோசனை சொன்னவர் அவர்தான். 1535-ல் நம் தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போனார்கள். போர்ச்சுகீசியக் கப்பற்படை பாதுகாப்புத் தரும், நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேருகிறோம் என்று பேச்சாயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வேம்பாறு முதல் கன்னியாகுமரி வரை ஊர் ஊராக ஞானஸ்நானம். சுமார் 20,000 பேர் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதை யோசித்துப் பார் மகளே. கத்தியைக் காட்டி யாரும் பெயர் வைக்கவில்லை. கடலையும் முத்தையும் காப்பாற்றிக்கொள்ள நம் தலைவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. போர்ச்சுகீசியர்கள் புண்ணியத்துக்காக வரவில்லை என்பதும் உண்மை. முத்துக்குளிப்பின் வருமானத்தின் மேல் அவர்களுக்குக் கண். வரி வாங்கினார்கள், கெடுபிடி செய்தார்கள். வேதம் போதிக்க வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரே தம் கடிதங்களில் இங்கிருந்த போர்ச்சுகீசியத் தளபதியைக் கடிந்து எழுதியிருக்கிறார். ஆனால் நாம் ஏமாந்து பெயரை வாங்கிக்கொண்ட கூட்டம் என்று நீ நினைத்தால், அந்தப் பட்டங்கட்டிமாரின் புத்தியைக் குறைத்து மதிப்பிடுகிறாய்.

அந்த முதல் ஞானஸ்நானங்கள் அவசரத்தில் நடந்தவை. கை விரல்விட்டு எண்ணுகிற அளவே குருக்கள். மந்திரம் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. சவேரியார் 1542-ல் வந்த பிறகுதான் ஊர் ஊராக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததைச் சொல்லும்போது, ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்தேன் என்கிறார். எனக்கு அந்த இடம் மனசைத் தொடும். கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். வாயில் நுழையாத ஒரு பெயரை எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். அதை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

குடும்பப்பெயர் வந்த வழிக்கு வழக்கமாகச் சொல்கிற விளக்கம் இது: ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுகீசியர் பெயரையோ குருவின் பெயரையோ எடுத்துக்கொண்டார்கள். ஜாதித் தலைவன் வீட்டில் 'தெ குரூஸ்' தொடர்ந்து வந்தது. மற்ற வீடுகளில் கோமஸ், மோத்தா, கொரேரா, ரொட்ரிகோ, வாஸ், லோபோ, மிராந்தா. உன் அம்மா பிறந்த வீடு மச்சாது. போர்ச்சுகீசியத்தில் மச்சாது என்றால் கோடரி, லோபோ என்றால் ஓநாய். அங்கே கடைவீதியில் காதில் விழும்போது உனக்கே புரிந்திருக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பரவலாகப் போனது பெர்னாண்டோதான்.

எவ்வளவு பரவல் என்றால், நான் படிக்கிற காலத்தில் வாத்தியார் வருகைப்பதிவில் 'அந்தோணி பெர்னாண்டோ' என்று கூப்பிட்டால் ஒருவன் எழுந்திருக்க மாட்டான், பலபேர் எழுந்திருப்பார்கள். தெருவில் பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் அடையாளம். அதனால்தான் பெண் பார்க்கும்போது பெர்னாண்டோ வீட்டுக்குப் பெர்னாண்டோ வீட்டிலேயே எடுப்பார்கள். பெயர் ஒன்று என்பதால் பங்காளி ஆகிவிடாது. தெலுங்கு பேசுகிற குடும்பங்களில் ஒரே வீட்டுப்பெயர் என்றால் சம்பந்தம் செய்ய மாட்டார்கள், இங்கே அந்தப் பேச்சே கிடையாது. ரத்த உறவைக் காட்டுகிற பெயராக இது என்றுமே இருந்ததில்லை. ஒரு கரையின் சனம் என்று காட்டுகிற பெயர்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்ச்சுகீசியர் கதை இங்கே அத்தோடு முடிந்தது. டச்சுக்காரர்கள் புராட்டஸ்டண்டு சீர்திருத்த சபையார், நம் ஆட்களை அந்தப் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். பிறகு இங்கிலீஷ்காரன் காலம், பிறகு சுதந்திரம். இந்த 360 வருஷத்துக்கு மேலாக, பெர்னாண்டோ என்று போட்டுக்கொள் என்று நம்மைக் கட்டாயப்படுத்த ஓர் ஆள்கூட இங்கே இல்லை. வேண்டாம் என்று நினைத்திருந்தால் எந்தத் தலைமுறையிலும் விட்டிருக்கலாம். விடவில்லை. கொடுத்தவன் போய்விட்டான், வைத்துக்கொண்டவன் நாம். முத்திரை என்று நீ சொன்னாயே, அதற்கு என்னுடைய பதில் இதுதான்.

பெயரை எடுத்ததால் தமிழை விட்டுவிடவும் இல்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சுப் புத்தகம். தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்ற போர்ச்சுகீசியக் குரு. அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தது இந்தக் கரைச் சனம். அவரைப் புதைத்ததும் இதே தூத்துக்குடியில்தான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பெயர் நிறைந்து கிடக்கிறது. உன் பூட்டன் தோணியை நடத்தும் தண்டலாக இருந்து கொழும்புக்குப் போய்வந்தவர். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினால் பாதிப்பேர் பெர்னாண்டோதான் என்று சொல்வாராம். இலங்கையில் பெரேரா, பெர்னாண்டோ, டி சில்வா மூன்றும் எங்கு திரும்பினாலும் காதில் விழும். சிலாபம், நீர்கொழும்பு, மொரட்டுவை என்று மேற்குக் கரை முழுக்க. அவர்களில் சிங்களவர்கள் மிகுதி, பௌத்தர்களும் உண்டு. தில்மா தேயிலையை ஆரம்பித்த மெரில் பெர்னாண்டோ நீர்கொழும்புப் பக்கத்துக்காரர். வேகப்பந்து வீச்சாளர் தில்ஹார பெர்னாண்டோ உனக்குத் தெரியும். சமிந்த வாஸின் முழுப்பெயரைப் பார்த்திருக்கிறாயா? வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். அதில் வருகிற 'பட்டபெந்தி' நம் பட்டங்கட்டிதான். பட்டம் கட்டப்பட்ட தலைவன் என்ற அதே பதவிப் பெயர் கடலின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

சரி, நம் ஊருக்கே வருகிறேன். குரூஸ் பர்னாந்து சிலையைக் கடந்துதான் தினமும் பள்ளிக்கூடம் போனாய். நல்ல தண்ணிக்குத் தவித்துக் கிடந்த ஊர் இது. எந்தக் கிணற்றில் தோண்டினாலும் உப்பு. நகராட்சித் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர அவர் பட்ட பாடு கொஞ்சமா? 1927-ல் தண்ணீர் வந்தது, 1930-ல் மனிதர் போய்விட்டார். எல்லாச் சாதிக்காரர்களும் எல்லா மதத்துக்காரர்களும் இன்றைக்கும் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் போர்ச்சுகல் நினைவுக்கு வராது, தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

விட்டவர்களும் இருக்கிறார்கள். சினிமாவில் ஆடிப் பாடின ஜே.பி. சந்திரபாபு நம் ஊர்தான். ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ் என்பது அவர் பெயர். ரொட்ரிகஸ் போய்விட்டது, ஆனால் 'பி'யில் நம் ஊர்ப் பனிமய மாதா கடைசிவரை இருந்தாள். நம் சொந்தத்திலேயே பலர் குடும்பப்பெயரை விட்டுவிட்டு, அமுதன், அருள்மொழி என்று பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பெயர் வைத்து நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் செய்தது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பரதவர் என்ற பெயர் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. பெர்னாண்டோ போனாலும் நாம் யார் என்பது போய்விடாது.

ஆனால் எனக்கு ஆசை உண்டு, அதை மறைக்கவில்லை. கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உன் பூட்டனுடைய பதிவு இருக்கிறது. பழுப்பேறின தாள், ஓரம் கரைந்து போயிருக்கிறது, மை மட்டும் மங்கவில்லை. பிள்ளையின் பெயர் மிக்கேல், தகப்பன் சவேரியார் பர்னாந்து, தாய் சந்தனமரியாள், ஞானத்தகப்பன் ஒரு மோத்தா. தாய்க்குக் குடும்பப்பெயரே எழுதவில்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்கு எழுதும் வழக்கமில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை பெர்னாண்டோ ஒரு பெண் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும் வாய்ப்பு வந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவர் அப்பா பெயரும் பிள்ளையோடு வரட்டும், அதுதான் மரியாதை.

போடுவதாக முடிவு செய்தால் எழுத்தில் கவனம். பூட்டன் 'பர்னாந்து', தாத்தா 'பெர்னாந்து', நான் 'பெர்னாண்டோ', சித்தப்பா பள்ளிச் சான்றிதழில் 'பெர்னாண்டஸ்' ஆகி, பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைந்த அலைச்சல் உனக்கே தெரியும். உன் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தை அங்கே பதிவு அலுவலகத்தில் கொடு. அவர்கள் ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்துவிடப் போகிறார்கள், கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்.

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு வரமுடியாது என்று தெரியும். குளிர் காலத்துக்கு முன்னால் பிள்ளையோடு வந்தால் ஞானஸ்நானத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் யார் என்று நீங்கள் இருவரும் பேசி எழுதுங்கள். அம்மா தன் தம்பி பெயரைச் சொல்லச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா